நிறுவன வலைவாசல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் தலைமையகம், பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை, கெடா சுங்கைப் பட்டாணியில் கிடங்கு என மூன்று இடங்களில் இயங்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே நிறுவன வலைவாசல் அமைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. இத்தகைய பணிகளில் சில ஆண்டுகள் ஈடுபட்டவன் என்ற முறையில், மனிதவளப் பிரிவினரும் கணக்குப் பிரிவினரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நிறுவன வலைவாசல் என்றால் என்ன?

ஒரு நிறுவனத்தைச் சார்ந்தவர்கள் தத்தம் வேலைக்கு வேண்டிய தகவல்களையும் சேவைகளையும் ஒரே முகவரியில், ஒரே உள்நுழைவில் பெறுவதற்காக அமைக்கப்படும் இணைய அமைப்பே நிறுவன வலைவாசல். அலுவலகப் பேச்சில் 'போர்ட்டல்' என்றே சொல்கிறோம். விடுப்புக் கணக்கு ஒரு மென்பொருளிலும், சம்பளம் வேறொன்றிலும், கொள்முதல் மூன்றாவதொன்றிலும், சுற்றறிக்கைகள் யாரோ ஒருவருடைய மின்னஞ்சல் பெட்டியிலும் சிதறிக் கிடப்பதுதான் பெரும்பாலான நிறுவனங்களின் நிலை. வலைவாசல் அந்த மென்பொருள்கள் எதையும் அகற்றுவதில்லை. அவற்றின் முன்னால் நின்று, கேட்பவர் யார் என்று பார்த்து, அவருக்கு உரியதை மட்டும் எடுத்துத் தருகிறது.

'வாசல்' என்ற சொல்லை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. வாசலில் யாரும் நெல் மூட்டைகளை அடுக்கி வைப்பதில்லை. தரவு அதன் மூல அமைப்பிலேயே இருக்க வேண்டும். வலைவாசல் அதைக் கேட்டு வாங்கிக் காட்ட வேண்டும். நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை, தரவை வலைவாசலுக்குள் நகலெடுத்து வைத்துக்கொண்டதால் வந்தவை. ஓர் இடத்தில் 9 நாள் விடுப்பு மீதம் என்றிருந்தது, இன்னோர் இடத்தில் 7 என்றிருந்தது. எது சரி என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

நிறுவனத்தின் இணையத்தளமும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. இணையத்தளம் ஊருக்குப் பொது; அதை யார் திறந்தாலும் ஒரே பக்கம்தான். வலைவாசலில் இருவர் ஒரே முகவரியைத் திறந்தாலும் வெவ்வேறு பக்கங்களைக் காண்பார்கள். இவற்றுக்கு இடைப்பட்டது உள்ளிணையம். அதில் சுற்றறிக்கையும் படிவங்களும் தொலைபேசிப் பட்டியலும் இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் படிப்பதற்கு மட்டுமே. வலைவாசலில் வேலையும் நடக்கும்: விண்ணப்பிக்கலாம், ஒப்புதல் தரலாம், சம்பளச் சீட்டைப் பதிவிறக்கலாம்.

இந்தக் கருத்து எப்போது தோன்றியது?

1996இல் தொடங்கப்பட்ட 'மை யாஹூ' போன்ற பொதுமக்களுக்கான தளங்கள், செய்தி, வானிலை, பங்கு விலை என்று பயனர் தமக்கு வேண்டியவற்றைத் தாமே அடுக்கிக்கொள்ள வழி செய்தன. அதே வசதி அலுவலகத்துக்குள்ளும் வேண்டும் என்ற எண்ணம் விரைவில் பிறந்தது. 1998இல் மெரில் லிஞ்ச் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் ஆய்வறிக்கை ஒன்று 'நிறுவனத் தகவல் வாசல்' என்ற பெயரைப் பரவலாக்கியது. லைஃப்ரே என்ற வலைவாசல் மென்பொருள் 2000இல் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட்டின் ஷேர்பாயிண்ட் 2001இல் வெளிவந்தது. பக்கத்தில் அடுக்கப்படும் சிறு கட்டங்களுக்குப் 'போர்ட்லெட்' என்று பெயர். ஒரு நிறுவனம் எழுதிய போர்ட்லெட் இன்னொரு நிறுவனத்தின் வலைவாசலிலும் ஓட வேண்டும் என்பதற்காக, ஜாவா நிரல்மொழி உலகில் 2003இல் ஒரு பொதுத் தரம் வகுக்கப்பட்டு, 2008இலும் 2017இலும் புதுப்பிக்கப்பட்டது. இன்று அந்தப் பெயர் மங்கிவிட்டாலும், ஒரு பக்கத்தைத் தனித்தனியே இயங்கும் துண்டுகளாகக் கட்டும் உத்தி தொடர்கிறது.

பொதுவாக என்னென்ன வசதிகள் இருக்கும்?

ஒற்றை உள்நுழைவு, பொறுப்புக்கேற்ற அணுக்கம் (யார் எதைத் திறக்கலாம் என்ற வரம்பு), தனிப்பயனாக்கம், தேடல், உள்ளடக்க மேலாண்மை, ஒப்புதல் படிநிலை, அறிவிப்புகள், ஆவணக் களஞ்சியம், பிற மென்பொருள்களுடன் இணைப்பு ஆகியவற்றைக் கிட்டத்தட்ட எல்லா விற்பனையாளர்களும் பட்டியலிடுவார்கள். அரட்டை, வாக்கெடுப்பு, பிறந்தநாள் வாழ்த்து போன்றவையும் அந்தப் பட்டியலில் வரும். விற்பனை விளக்கத்தில் மிக அழகாகத் தெரிபவை அவைதான்; மூன்றாம் மாதத்தில் யாரும் தொடாமல் கிடப்பவையும் பெரும்பாலும் அவைதான். கீழே, உண்மையில் உழைப்பைக் கோரும் வசதிகளை மட்டும் விரிவாகப் பார்ப்போம்.

ஒற்றை உள்நுழைவு எப்படி வேலை செய்கிறது?

திருமண மண்டபத்து நுழைவில் அழைப்பிதழைக் காட்டியதும் கையில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு சாப்பாட்டுக் கூடத்திலும் வாகன நிறுத்துமிடத்திலும் பட்டையைத்தான் பார்ப்பார்கள். அழைப்பிதழை மறுபடியும் கேட்க மாட்டார்கள். கணினியில் அந்த நுழைவு மேசைக்கு 'அடையாள வழங்கி' என்று பெயர். கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது அது ஒன்று மட்டுமே. பிறகு, 'இவர் இன்னார், இத்தனை மணிக்குச் சரிபார்க்கப்பட்டார்' என்று மின்னொப்பமிட்ட ஒரு சான்றை அது வெளியிடுகிறது. சம்பள மென்பொருளும் விடுப்பு மென்பொருளும் அந்த ஒப்பத்தைச் சோதித்துவிட்டு உள்ளே விடுகின்றன. கடவுச்சொல் அவற்றின் கைக்குப் போவதே இல்லை. இந்தச் சான்றின் வடிவத்துக்கு இன்று பரவலாகப் பயன்படும் தரங்கள் இரண்டு: 2005இல் வெளியான சாம்ல் 2.0, 2014இல் வெளியான ஓப்பன்ஐடி கனெக்ட். புதிதாக வாங்கும் எந்த மென்பொருளும் இவற்றில் ஒன்றையாவது ஏற்கிறதா என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

ஒற்றை உள்நுழைவின் பெரிய பயன் வசதி என்றே பலர் எண்ணுகிறார்கள். என் கருத்தில் அதைவிடப் பெரிய பயன், வேலையை விட்டுப் போனவரின் கதவுகள் எல்லாம் ஒரே நொடியில் மூடப்படுவது. தனித்தனிக் கணக்குகள் இருக்கும் இடத்தில், விலகி ஓராண்டு ஆனவரும் ஏதாவது ஒரு மென்பொருளில் நுழைய முடிந்துகொண்டே இருக்கும். ஆனால் எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி என்பதால், அந்தச் சாவி களவு போனால் இழப்பும் பெரிதாகும். எனவே இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். அதைக் குறுஞ்செய்தியில் வரும் எண்ணாக வைப்பதைத் தவிர்க்கலாம். மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இலேயே வங்கிகளைக் குறுஞ்செய்தி முறையிலிருந்து விலகச் சொல்லிவிட்டது. கைப்பேசிச் செயலி வழி ஒப்புதல் தருவது மேலானது.

தொழிற்சாலை ஊழியர்களுக்கு அலுவலக மின்னஞ்சலே இல்லையே, அவர்கள் எப்படி நுழைவார்கள்?

பினாங்கில் இந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும். பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. உற்பத்தித் தளத்தில் ஷிப்ட் முறையில் வேலை செய்பவர்களுக்குக் கணினியும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை. கோலாலம்பூர்த் தலைமையகத்தில் இருந்துகொண்டு வடிவமைப்பவர்கள் பயனர்பெயராக மின்னஞ்சல் முகவரியை வைத்துவிடுவார்கள். ஆட்தொகையில் பெரும்பகுதி முதல் நாளே வெளியே நிற்கும்.

பணியாளர் எண்ணைப் பயனர்பெயராக வைப்பதே நல்ல வழி. மலேசிய அடையாள அட்டையான மைகார்டின் எண்ணை வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கூடாது. அந்த 12 இலக்க எண்ணின் முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த மாநிலத்தைக் காட்டுபவை. ஒருவரைப் பற்றி இத்தனை சொல்லும் எண்ணைத் திரையில் தட்டச்சு செய்ய வைப்பது முறையல்ல. தவிர, வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் மைகார்டு கிடையாது. உணவகத்துக்கு அருகே இரண்டு தொடுதிரைகள் வைத்தால், கைப்பேசியைத் தளத்துக்குள் கொண்டு போகத் தடையுள்ள தொழிற்சாலையிலும் வேலை நடக்கும். அப்படி வைக்கும்போது, யாரும் தொடாமல் ஒரு நிமிடம் கழிந்தால் திரை தானாக வெளியேறும்படி அமைத்துவிடுங்கள். அடுத்தவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வரும் வேளையில் முந்தியவரின் சம்பளம் திரையில் தெரியக் கூடாது.

தனிப்பயனாக்கம் என்பது நிறம் மாற்றுவதுதானா?

நிறத்தை மாற்றிக்கொள்வதால் யாருக்கும் தீங்கில்லை, பயனும் பெரிதில்லை. உண்மையான தனிப்பயனாக்கம் என்னவென்பதை நம் விடுமுறை நாள்காட்டியே சொல்லும். நம் கற்பனை நிறுவனத்தில் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் வார விடுமுறை சனி, ஞாயிறு. சுங்கைப் பட்டாணிக்கு வெள்ளி, சனி. பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம், கோலாலம்பூரில் விடுமுறை, பாயான் லெப்பாஸில் வேலை நாள். ஜூலை 7 ஜோர்ஜ்டவுன் பாரம்பரிய நகர் தினம், பினாங்குக்கு மட்டும். தைப்பூசம் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பொது விடுமுறை, திரங்கானுவில் இல்லை. ஜொகூரோ வார விடுமுறையையே 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டது.

கிடங்கில் வேலை செய்பவர் வியாழன் முதல் திங்கள் வரை விடுப்பு கேட்டால், நடுவில் வெள்ளியும் சனியும் கழிந்து மூன்று நாள்தான் கணக்கில் வர வேண்டும்: வியாழன், ஞாயிறு, திங்கள். அதே தேதிகளைத் தலைமையகத்தில் ஒருவர் கேட்டால் வியாழன், வெள்ளி, திங்கள் என்று அதுவும் மூன்று. ஞாயிறு ஒரு நாள் மட்டும் கேட்டால் முன்னவருக்கு ஒன்று, பின்னவருக்குச் சுழியம். இந்த வேறுபாட்டைப் பயனர் சொல்லாமலே வலைவாசல் அறிந்திருக்க வேண்டும். அதற்குப் 'பணியிடம்' என்ற ஒரு புலம் மனிதவளப் பதிவேட்டில் பிழையின்றி இருந்தால் போதும். அந்தப் புலம் தவறாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் தவறாகவே கணக்கிடும். ஆகவே வலைவாசல் திட்டத்தின் முதல் மாதத்தைப் பதிவேட்டைத் திருத்துவதற்கு ஒதுக்குங்கள் என்று நான் வற்புறுத்துவது வழக்கம். பெரும்பாலும் ஏற்கப்படாத ஆலோசனை இது.

பெயர்களில் என்ன சிக்கல்?

நம்மவர்களுக்கு இது பழகிய எரிச்சல். வெளிநாட்டு மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்து, இரண்டையும் நிரப்பினால்தான் நகரும். தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் குடும்பப்பெயர் கிடையாது. விளைவாக, தந்தை பெயர் குடும்பப்பெயர் ஆகி, வணக்கச் செய்தி தந்தையை வரவேற்கும். அடையாள அட்டையில் இன்னாரின் மகன், மகள் என்பதைக் காட்ட வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' என்ற குறிகளில் உள்ள சாய்கோடு இன்னொரு தொல்லை: கோப்புப் பெயரிலும் இணைய முகவரியிலும் சாய்கோட்டுக்கு வேறு பொருள் இருப்பதால், பெயரை வைத்துக் கோப்பு உண்டாக்கும் நிரல் அங்கே தடுக்கி விழும். ஓர் அலுவலகத்தில், பிப்ரவரி மாத இறுதிக்குள் ஊழியர்களுக்குத் தர வேண்டிய இ.ஏ. படிவம் (ஆண்டு வருமான விவரம்) இந்தியப் பெயருடைய எவருக்கும் திறக்கவில்லை. காரணம் இந்தச் சாய்கோடுதான் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. முழுப்பெயருக்கு அடையாள அட்டையில் உள்ளபடி ஒரே கட்டம், அழைக்க விரும்பும் பெயருக்கு இன்னொரு கட்டம், கோப்புப் பெயருக்குப் பணியாளர் எண் என்று தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ளுங்கள்.

தேடல் ஏன் எப்போதும் ஏமாற்றுகிறது?

தேடுபவரின் சொல்லும் எழுதியவரின் சொல்லும் வேறாக இருப்பதால். ஆவணத்தின் தலைப்பில் 'ஊதிய அறிக்கை' என்றிருக்கும். ஒருவர் 'பேஸ்லிப்' என்று தேடுவார், இன்னொருவர் சம்பளத்துக்கான மலாய்ச் சொல்லான 'காஜி' என்று தேடுவார். மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் எல்லாம் கலந்து புழங்கும் இடத்தில், ஒருபொருள் சொற்களின் பட்டியலைத் தேடுபொறிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். விடையே கிடைக்காத தேடல்களின் பதிவை வாரம் ஒரு முறை படித்தால் அந்தப் பட்டியல் தானே வளரும்.

தமிழ் ஆவணங்கள் வைத்திருக்கும் சங்கங்களும் பள்ளி வாரியங்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய கோப்புகள் பலவும் அந்தந்த எழுத்துருவுக்கே உரிய குறியாக்கத்தில் இருப்பவை. மலேசியாவிலேயே உருவான முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்க் கணிமைக்கு முன்னோடியாக இருந்த நாடு இது என்பதால், பழைய கோப்புகளும் இங்கு நிறையவே உள்ளன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் கோப்பு, தேடுபொறிக்குப் பொருளற்ற எழுத்துக் கோவையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே அவற்றை வலைவாசலில் ஏற்றுங்கள்.

இன்னொன்று: தேடல் முடிவிலும் அணுக்கக் கட்டுப்பாடு வேலை செய்ய வேண்டும். கோப்பைத் திறக்க முடியாவிட்டாலும், 'பணிநீக்கப் பட்டியல் வரைவு' என்ற தலைப்பு முடிவுகளில் தெரிந்தாலே போதும், மதிய உணவுக்குள் தொழிற்சாலை முழுக்கப் பரவிவிடும்.

ஒப்புதல் படிநிலையை எப்படி வகுப்பது?

காகிதத்தில் இருப்பதை அப்படியே கணினிக்கு மாற்றாதீர்கள். ஐந்து கையெழுத்து வாங்கும் படிவத்தில் மூன்று கையெழுத்து வெறும் வழக்கத்தால் வந்தவையாக இருக்கும். மேலாளர் விடுப்பில் இருக்கும்போது யார் ஒப்புதல் தருவார், எத்தனை நாள் கழித்து விண்ணப்பம் தானாக மேலே போகும் என்ற இரண்டையும் முடிவு செய்யாமல் எந்தப் படிநிலையையும் வெளியிட வேண்டாம்.

சம்பள நாளில் வலைவாசல் ஏன் படுத்துவிடுகிறது?

முகப்புப் பக்கம் எட்டு மென்பொருள்களிடம் தகவல் கேட்டு நின்றால், அவற்றுள் மிக மெதுவானதன் வேகமே பக்கத்தின் வேகம் ஆகிவிடும். மாதக் கடைசியில் எல்லாரும் ஒரே நேரத்தில் சம்பளச் சீட்டைத் தேடும்போது, சம்பள மென்பொருள் திணற, சுற்றறிக்கை படிக்க வந்தவருக்கும் பக்கம் திறக்காது. ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே ஏற்றப்பட வேண்டும். ஒரு மூல அமைப்பு சில நொடிகளுக்குள் பதில் தராவிட்டால் அந்தக் கட்டம் மட்டும் 'தற்போது கிடைக்கவில்லை' என்று சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும்.

வேகத்துக்காகப் பக்கங்களைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் உத்தியை இங்கே மிகுந்த எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். சுற்றறிக்கை எல்லாருக்கும் ஒன்றே, அதைச் சேமிக்கலாம். சம்பளப் பக்கத்தைப் பொதுச் சேமிப்பில் விட்டால், முதலில் வந்தவரின் சீட்டு அடுத்து வருபவருக்கும் காட்டப்படும். இது கற்பனை அச்சம் அல்ல. இந்தத் துறையில் இருப்பவர்கள் நன்கறிந்த பிழை.

தனிநபர் தரவுச் சட்டம் வலைவாசலைப் பாதிக்குமா?

பாதிக்கும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. 2024இல் செய்யப்பட்ட திருத்தத்தின் தொடர்ச்சியாக, 2025 ஜூன் 1 முதல், கணிசமான தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை அறிந்த 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். யார், எப்போது, எந்தப் பதிவைத் திறந்தார் என்ற தணிக்கைத் தடம் உங்கள் வலைவாசலில் இல்லையென்றால், அந்த 72 மணி நேரத்தில் என்ன எழுதிக் கொடுப்பது என்றே தெரியாது. நலவுரிமைக் கோரிக்கைகளில் வரும் மருத்துவச் சான்றுகளை நேரடி மேலாளர் படிக்க வேண்டிய தேவை உண்டா என்பதையும் இதே நேரத்தில் யோசித்துவிடுங்கள்.

விநியோகிப்பாளர்களையும் உள்ளே விடலாமா?

விடலாம், ஆனால் வேறு வாசலில். பணியாளர் பட்டியலுக்குள் வெளியாரைச் சேர்த்தால், 'எல்லாப் பயனருக்கும்' என்று வெளியிடும் சுற்றறிக்கை அவர்களையும் சென்றடையும். அவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டியது கொள்முதல் ஆணை, விலைச்சீட்டு (இன்வாய்ஸ்) நிலை, பணம் எப்போது வரும் என்ற மூன்றே. வருமான வரி வாரியத்தின் மின்விலைச்சீட்டு முறை 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக நடப்புக்கு வந்திருப்பதால், இந்த வாசலின் தேவை கூடியிருக்கிறது. அந்த மைஇன்வாய்ஸ் முறையிலேயே இரண்டு வழிகள் உள்ளன: சிறு வணிகர் வாரியத்தின் வலைவாசலில் கையால் நிரப்பலாம், பெரிய நிறுவனம் தன் கணக்கு மென்பொருளை ஏபிஐ எனப்படும் மென்பொருள் இடைமுகம் வழியாக நேரே இணைக்கலாம். உங்கள் வலைவாசல் இரண்டாவதைத்தான் பின்பற்ற வேண்டும்.

ஆயத்த மென்பொருளா, சொந்த உருவாக்கமா?

மைக்ரோசாஃப்ட்டின் அலுவலகச் சந்தா ஏற்கெனவே இருந்தால், ஷேர்பாயிண்ட்டில் தொடங்குவதே சிக்கனம். பிற மென்பொருள்களுடன் ஆழமான இணைப்பும் வெளியாருக்கான வாசலும் வேண்டுமென்றால் லைஃப்ரே போன்றவற்றைப் பார்க்கலாம். பழைய ஐபிஎம் வலைவாசலை வைத்திருப்பவர்கள், அது 2019இல் எச்.சி.எல் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதைக் கணக்கில் கொள்ள வேண்டும். முற்றிலும் சொந்தமாக எழுதும் ஆசை எல்லா அணிகளுக்கும் வரும். எழுதியவர் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போனபின் அதைப் பராமரிப்பது யார் என்ற கேள்விக்கு விடை இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.

வெளியிட்ட பிறகு யார் பொறுப்பு?

தகவல் தொழில்நுட்பப் பிரிவு சேவையகத்துக்குப் பொறுப்பு. பக்கத்தில் எழுதியிருப்பதற்கு, அதை எழுதிய பிரிவே பொறுப்பு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொறுப்பாளரின் பதவி, கடைசியாகச் சரிபார்த்த தேதி, மறுபடி சரிபார்க்க வேண்டிய தேதி ஆகிய மூன்றும் இருக்கட்டும். அந்தத் தேதி கடந்தால் பக்கம் தானாக மறைந்து பொறுப்பாளருக்கு நினைவூட்டல் போக வேண்டும். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் மகப்பேறு விடுப்பு 2023 ஜனவரி 1 முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்த பிறகும், 60 என்று காட்டிக்கொண்டிருந்த ஒரு வலைவாசலை நான் பார்த்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு ஒருவர் முன்கூட்டியே வேலைக்குத் திரும்பத் திட்டமிட்டிருந்தார்.

எங்கள் நிறுவனத்தில் முப்பது பேர்தான். எங்களுக்கு இது வேண்டுமா?

வேண்டாம். ஒரு நல்ல விடுப்பு மென்பொருளும், ஒழுங்காக அடுக்கிய பகிர்கோப்புறையும், உணவகத்தில் ஓர் அறிவிப்புப் பலகையும் போதும். இரண்டாவது கிளை திறக்கும்போது மறுபடியும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.